டெஸ்மண்டுக்கு நான் செய்த மொழிபெயர்ப்புகள்

1

இன்று காலை அவரைக்கொடிக்குக் கம்பு தேடிக் கராஜைக் கிளறியபோது அந்த நீலப் பலகை கையில் அகப்பட்டது. தேர்தல் காலத்தில் வீட்டு முன்புல்லில் குத்திவைப்பார்களே, அந்தப் பலகை. நடுவில் வெள்ளை எழுத்தில் டெஸ்மண்டின் பெயர். சரியாகப் போன வருடம் இதே கிழமை அதை அடித்து நட்டவன் நான்தான். கம்பிக் கால்களை உருவி அவரைக்குக் கொடுத்தேன். பலகையை எறிய மனம் வரவில்லை. சுவரோடு சாத்திவைத்துவிட்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

ஊரில் இருக்கிற நண்பர்கள் தொலைபேசியில் கேட்பார்கள், கனடாவுக்குப் போய் இத்தனை வருடத்தில் உனக்கு மறக்க முடியாத நாள் எது என்று. குடியுரிமைச் சத்தியம் எடுத்த நாளைச் சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், ஒன்றும் ஞாபகமில்லை. மறக்க முடியாதது போன வருடத்துச் சனிக்கிழமை ஒன்றுதான். அன்று ஒரே மண்டபத்துக்குள் என்னைத் துரோகி என்றார்கள். என் மகள் முதல்முறையாகப் பொது இடத்தில் தமிழில் கோபப்பட்டாள். என் பக்கத்து வீட்டுக்காரர் அறுநூறு பேருக்கு முன்னால் ஒரேயொரு தமிழ் வசனத்தைச் சொல்லி என் மானத்தை வாங்கினார். எழுதும்போதே கை பரபரக்கிறது. முறையாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ரொறொன்ரோவில், ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் என்ற பகுதியில். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையும் பின்னேரமும் ஓட்டம், நடுவில் நாலு மணித்தியாலம் சும்மா. அந்த நாலு மணித்தியாலம்தான் என்னை அரசியலுக்குள் இழுத்தது என்று மனைவி வதனி இன்றும் சொல்லுவாள். பக்கத்து வீடு டெஸ்மண்டுடையது. ஜமேய்க்காவில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்த கறுப்பர். வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துவது தொழில். இரண்டு வான், மூன்று வேலையாட்கள். நாங்கள் வீடு வாங்கிய முதல் மாரியில் எங்கள் ஃபேர்னஸ் நின்றபோது, வதனி போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிவதை யன்னலால் கண்டு, கூப்பிடாமலே வீட்டுச் செருப்போடு பனிக்குள்ளால் நடந்து வந்தவர். அன்றிலிருந்து பழக்கம்.

இங்கே பெரிய கட்சி இரண்டு. சிவப்புக் கட்சி தாராளம் பேசும், நீலக் கட்சி பழமை பேணும். டெஸ்மண்டுக்கு அரசியல் பைத்தியம் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கட்சி என்று நான் கேட்டதில்லை. ஏன் கேட்கவேண்டும், கறுப்பர் என்றால் சிவப்புத்தானே என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒருநாள் வேலியடியில் நின்று, இந்த முறையும் உங்கள் ஆட்கள்தான் வெல்லுவினம் போல என்று ஆங்கிலத்தில் ஒரு போடு போட்டேன். அவர் கையிலிருந்த இடுக்கிக் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஆட்கள், ஃபேர்னஸ் திருத்துகிற ஆட்களா என்று கேட்டார். நான் அசடு வழிந்தேன்.

பிறகு அவர் விளக்கினார். சின்னத் தொழில் செய்கிறவனை வரியால் நசுக்கக்கூடாது. பிள்ளை பிழை விட்டால் முதலில் பெற்றோரைக் கூப்பிடவேண்டும், அரசாங்கத்தை அல்ல. தெருவுக்குப் பொலிஸ் வேண்டும். ஞாயிறு என்றால் தேவாலயம். கேட்கக் கேட்க எனக்கு எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டுக்கூட்டத்தில் இருப்பது போலிருந்தது. எங்களில் அரைவாசிப்பேர் இதையேதான் கதைக்கிறோம், எங்களை ஒருவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அவர் கதைத்தால் மட்டும் உலகம் திரும்பிப் பார்க்கிறது.

2

இங்கே பொதுத்தேர்தலுக்கு முன்னால் இன்னொரு சின்னத் தேர்தல் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் கட்சி அங்கத்தவர்கள் கூடி, எங்கள் வேட்பாளர் இவர்தான் என்று வாக்குப் போட்டுத் தெரிவுசெய்வார்கள். இதில் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்தை அடிக்க ஆளில்லை. அகதி விண்ணப்பத்தில் படிவம் நிரப்பிப் பழகிய கை. குடும்பம் குடும்பமாக, மாமியார் பிள்ளைகள் உட்பட அங்கத்தவர் ஆகிவிடுவோம். போன வருடம் நீலக் கட்சிக்குள் இந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் டெஸ்மண்ட். மற்றவர் எங்கள் பல் டாக்குத்தர், பக்கத்து நகரமான யூனியன்வில்லில் இருந்து வந்து இங்கே கிளினிக் நடத்துகிற கெட்டிக்காரத் தமிழர். தொகுதியில் பாதிப் பேரின் வாய்க்குள் கை வைத்தவர். என் வாய்க்குள்ளும்தான்.

நான் டெஸ்மண்டின் பக்கம் நின்றேன். ஃபேர்னஸ் நன்றிக்கடன் மட்டும் காரணமில்லை. ஒரு பிஸ்கற் பக்கற்றும் காரணம்.

அவர் போட்டியிடப்போவதாக அறிவித்துச் சில கிழமைகளின் பின், பலகைகளுக்குக் கம்பி பூட்ட அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். படியில் ஒரு பக்கற் இருந்தது. வெளியே கறுத்த பிஸ்கற், நடுவில் வெள்ளைக் கிறீம். யாரோ ஆதரவாளர் அன்பாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து, பிரித்து இரண்டை எடுத்து நான் கொண்டுபோன தேத்தண்ணிக்குள் தோய்த்துச் சாப்பிட்டேன். மூன்றாவதை வாயில் வைக்கும்போது டெஸ்மண்ட் கதவைத் திறந்தார். பக்கற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. சிரித்து முடித்துத்தான் விளங்கப்படுத்தினார். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. நீ எங்களில் ஒருவன் இல்லை என்று சொல்ல அதை வைப்பார்களாம். இது மூன்றாவது பக்கற்றாம்.

எனக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வெள்ளைக்காரர் வைத்ததா என்று கேட்டேன். யார் என்று தெரியாது, ஆனால் தொலைபேசியில் ஏசுகிற குரல்களில் தன் தாயாரின் ஜமேய்க்கா ஊர்ப் பேச்சும் கேட்கிறது என்றார். பதினெட்டு வருடமாகத் தலைமயிர் வெட்டுகிற இடத்தில், அவர் போய் உட்கார்ந்தால் எல்லோரும் கதையை நிறுத்திவிடுகிறார்களாம். முடிவெட்டுபவர் மட்டும், கத்தரிக்கோலுக்குக் கட்சி இல்லை என்று சொல்லி வழக்கம்போல வெட்டிவிடுகிறாராம்.

அடுத்த கிழமைகளில் அவரோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வாசலில், எல்லா நிறத்தவரும் இங்கே வரவேற்கப்படுகிறார்கள் என்ற பலகை நாட்டியிருந்தது. உள்ளேயிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா டெஸ்மண்டின் நீலத் துண்டுப்பிரசுரத்தைக் கண்டதும் முகம் வாடினார். மற்றவர்கள் எப்படியும் போகட்டும், உங்களைப் போன்ற ஒருவர் எப்படி இந்தக் கட்சியில் என்று மிகுந்த கவலையோடு கேட்டார். டெஸ்மண்ட், எதைப் போன்ற ஒருவர் என்று கேட்டார். அந்த அம்மா கதவை மெல்லச் சாத்தினார். இரண்டு தெரு தள்ளி நீலக் கட்சியின் பழைய அங்கத்தவர் ஒருவர் எங்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை, எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்று டெஸ்மண்டின் தோளில் தட்டினார். திரும்பி வரும்போது இரண்டில் எது கூடச் சுட்டது என்று கேட்டேன். கோப்பி தந்த வீடு என்றார்.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஜெயம் அண்ணை தொலைபேசி எடுத்தார். நான் வந்து இறங்கிய முதல் மூன்று வருடம் என்னோடு ஒரே பேஸ்மென்ற் நிலவறையில், ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிட்டவர். இப்போது பல் டாக்குத்தரின் வலதுகை.

"எங்கட பெடியன் நிக்கேக்க நீ ஒரு கறுவலுக்கோ வேலை செய்யிறாய்?" என்றார்.

3

இந்தக் கறுவல் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுத்தவன் என்பதற்கு எங்களுடைய ஊர்ச் சொல். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயரே அதுதான், என்னைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். ரொறொன்ரோவுக்கு வந்ததும் அதே சொல்லை நாங்கள் கறுப்பருக்குக் கொடுத்துவிட்டோம். நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சொல்லும்போது அவர்களுக்கு விளங்காது என்ற தைரியம் வேறு.

சில வருடங்களுக்கு முன்னால் டெஸ்மண்ட் என்னிடம் கேட்டார். தமிழ் வீடுகளுக்கு வேலைக்குப் போனால், பேஸ்மென்ற்றிலிருந்து மேலே ஏறி வரும்போது ஒரு சொல் காதில் விழுகிறது, கறுவல், கறுவல் என்று, அதற்கு என்ன அர்த்தம்? வாயில் வந்ததைச் சொன்னேன். டெக்னீஷன் என்று அர்த்தம், மரியாதையான சொல் என்றேன். அவர் தலையை ஆட்டி, நல்ல சொல் என்றார். அது நான் அவருக்குச் செய்த முதலாவது மொழிபெயர்ப்பு.

இரண்டாவது, துண்டுப்பிரசுரம். தமிழ் அங்கத்தவர்களுக்காக அதைத் தமிழில் போட்டுத்தரச் சொன்னார். அதில் ஒரு வரி இருந்தது. என்னை செல்-அவுட் என்கிறார்கள், ஆனால் நான் இதுவரை விற்றது ஃபேர்னஸ் மட்டும்தான். எனக்குத் தெரிந்த செல்-அவுட், தமிழ் வானொலியில் கலைநிகழ்ச்சிக்கு ரிக்கற் முடிந்தால் சொல்லுவது. ஆகவே நான் எழுதினேன்: எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நான் விற்றது ஃபேர்னஸ் மட்டுமே.

அச்சடித்து இருநூறு வீட்டுக்குப் போட்டும் விட்டேன். அன்று பின்னேரமே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒரு அன்ரி, தம்பி, எல்லாம் முடிஞ்சுதோ, எனக்கு ஒண்டு எடுத்து வைக்கச் சொல்லு என்றார். இன்னொருவர், முடிந்த சாமானுக்கு ஏன் விளம்பரம் என்று கோபித்தார். ஏழாவது அழைப்போடு, மகள் அபிரா என் கையிலிருந்து பிரசுரத்தைப் பிடுங்கினாள்.

அபிராவுக்கு இருபத்தொரு வயது. இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள், சுத்தச் சிவப்பு. நான் டெஸ்மண்டுக்கு வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து என்னோடு கதைப்பது அளவோடுதான். அதற்கு முன்னும் அளவோடுதான் என்பதையும் சொல்லவேண்டும். அவளுடைய தமிழ் அம்மாவிடம் சாப்பாடு கேட்க, என்னிடம் கார் கேட்க, அவ்வளவுக்குத்தான் செலவாகிக்கொண்டிருந்தது. பிரசுரத்தை வாசித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"அப்பா, அவரை அவுட் ஒஃப் ஸ்ரொக் எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"அப்ப செல்-அவுட் எண்டா என்ன?"

"லைக், தன்ர ஆக்களையே வித்திட்டுப் போறவன்." கொஞ்சம் யோசித்தாள். "மேடையில எல்லாம் சொல்லுவினமே, அந்த வேர்ட். துரோகி."

டெஸ்மண்ட் அப்படியா என்று கேட்டேன். கைண்ட் ஒஃப், ஓம் என்றாள். கறுப்பராக இருந்துகொண்டு அந்தக் கட்சியில் நிற்பது சொந்தச் சனத்துக்கு எதிராக நிற்பதுதானே என்று விளக்கினாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வகுப்பில் சொன்னதைச் சொல்கிற குரல்.

நோர்வேயில் இருக்கிற என் அண்ணனை அவளுக்குத் தெரியும். பிறந்தநாளுக்குச் சொக்கலேற் அனுப்பி, வீடியோவில் முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிற பெரியப்பா. அவர் ஏன் ஊரை விட்டார் என்பதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சமையலறை மேசையில் வைத்துச் சொன்னேன். அண்ணைக்கு அப்போது இருபத்துநாலு வயது. எங்கள் பகுதியில் ஒரு பக்கம்தான் சரி என்றிருந்த காலம். அவர் வேறொரு பக்கத்துக்கு, யாருமே வாக்குப் போடாத ஒரு பழைய கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினார். ஒரு விடியற்காலை வீட்டு வாசற்படலையில் ஒரு காகித மட்டை தொங்கியது. பச்சை மையில் ஒரேயொரு சொல். அம்மா அதைக் கழற்றி அடுப்பில் வைத்தா. அண்ணை தேத்தண்ணி குடிக்காமல் ஒரு பையோடு வெளிக்கிட்டார். அவரை ஒருவரும் தொடவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் யாருக்கு என்ன நடந்தது என்று ஊருக்கே தெரிந்திருந்ததால், தொடவேண்டி வரவில்லை. நோர்வேயில் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்றுவரை அந்த மனிதர் ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை.

"அவர் என்ன செய்தவர்?"

"போஸ்டர் ஒட்டினவர்."

"தட்ஸ் இற்?"

"அவ்வளவுதான் பிள்ளை."

அவள் நெடுநேரம் பிரசுரத்தின் மூலையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போகும்போது சொன்னாள்.

"நான் அவருக்கு வோட் பண்ண மாட்டன். பட் அந்த வேர்டை நான் சொல்லேல்லை எண்டு வையுங்கோ."

புதிய பிரசுரத்தில் அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக ஒரு முழு வசனம் எழுதினேன். கறுப்பர் எல்லோரும் ஒரே கட்சிக்குத்தான் போடவேண்டும் என்று நினைக்கிற சிலர், நான் அப்படிப் போடாததால் என்னைத் தங்களுடைய ஆள் இல்லை என்கிறார்கள். வசனம் நீளமாகி, இடம் போதாமல் டெஸ்மண்டின் படத்தில் ஒரு காது வெட்டுப்பட்டது. அவர் கோபிக்கவில்லை. தமிழில் அதற்கு ஒரு சொல்லே இல்லையா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, எழுதமாட்டேன் என்றேன்.

4

சனிக்கிழமை விடிந்தது. நான் ஐந்து மணிக்கே சவரம் செய்து, வதனியைச் சவரக் கண்ணாடியிலிருந்து விரட்டி, கல்யாணத்துக்குப் போகிறவன் போல ஆயத்தமானேன். கல்யாண மண்டபம்தான் அதுவும். மூலையில் முதல்நாள் மணவறையின் தூண்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் அறுநூறு பேர். டாக்குத்தரின் பக்கத்தில் றோல்ஸும் பற்றிஸுமாகச் சிற்றுண்டித் தட்டுகள் போயின. டெஸ்மண்டின் தேவாலயத்திலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். வருவார்கள் என்று அவரே நம்பியிருக்கவில்லை. அந்த முடிவெட்டுபவரும் வந்திருந்தார், கையில் அங்கத்தவர் அட்டையோடு. டெஸ்மண்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாக்குச்சீட்டு எடுக்கப் போனேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. என் சாரதி அனுமதிப்பத்திரத்தில் பழைய அப்பாட்மென்ற் முகவரி. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று எட்டு வருடம் போய்விட்டது. வீட்டு முகவரிக்குக் கரன்ற் பில் காட்டினால் போதும் என்றார்கள். அபிராவுக்குத் தொலைபேசி அடித்தேன். இருபது நிமிடத்தில், சிவப்பு ஸ்வெற்றர் ஒன்றை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு, பில்லோடு நீலக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை.

முகவரி சரி. இப்போது பெயர். அனுமதிப்பத்திரத்தில் நான் கந்தையா சிவநேசன். அங்கத்தவர் பட்டியலில் சிவநேசன் கந்தையா. கொழும்பில் பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து அப்பாவும் நானும் முன்னுக்குப் பின்னாக மாறி மாறி நடந்துகொண்டிருக்கிறோம். மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை குழம்பினாள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கண்காணிப்பாளர் மேசையோடு இருப்பார், ஆட்சேபிக்க அவருக்கு உரிமை உண்டு. டாக்குத்தரின் கண்காணிப்பாளர் ஜெயம் அண்ணை. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இது வேறு பெயர், சீட்டுக் கொடுக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

ஒரே சட்டியில் சாப்பிட்ட மனிதர். என்னுடைய அப்பாவின் செத்தவீட்டுக்கு ஊரில் இருந்த தன் தம்பியை அனுப்பிவைத்தவர். அண்ணை, என்ர பேர் உங்களுக்குத் தெரியாதோ என்று கேட்டேன். அவர் குனிந்து, தாளைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"துரோகியளின்ர பேர் எனக்குத் தெரியாது."

எனக்கு மட்டும் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற அபிராவுக்கும் கேட்டது.

நான் வாயைத் திறக்க முதலே அவள் முன்னுக்கு வந்தாள். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு ஓடுகிற பிள்ளை, அன்று ஓடவில்லை. சொல் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அங்கிள், என்ர பெரியப்பாட படலையிலயும் உந்தச் சொல்லைத்தான் எழுதினவை."

ஜெயம் அண்ணைக்கு என் அண்ணனைத் தெரியும். ஒரே வகுப்பு. கிரிக்கெற்றில் இவர் போட அவர் பிடிப்பார். அந்த மட்டை தொங்கிய காலையில், அண்ணை போய்விட்ட பிறகு, சைக்கிளில் வந்து படலையடியில் இறங்காமலே நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர் இவர். அதை நான் அபிராவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பிறகு மேசைப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொன்னார், எங்கள் பெயர்கள் இப்படித்தான் முன்பின்னாக வரும், இவர் அவர்தான், எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும், சீட்டைக் கொடுங்கள் என்று.

நான் சீட்டை வாங்கிக்கொண்டு போனேன். டெஸ்மண்டின் பெயருக்கு எதிரே போட்ட புள்ளடி கோணலாக விழுந்தது.

வாக்கெடுப்பு முடிய முன்னர், அரைவாசிப்பேர் இன்னும் போடாமல் நிற்கையில், இருவரும் கடைசியாக ஐந்து நிமிடம் பேசலாம். டாக்குத்தர் அழகாகப் பேசினார். அடுத்து டெஸ்மண்ட். மைக்கைப் பிடித்தார், தொண்டையைச் செருமினார், தமிழில் ஆரம்பித்தார்.

"வணக்கம். இருபது வருசமா உங்கட பேஸ்மென்ற்றுக்கு வாற கறுவல் நான்தான்."

றோல்ஸை வாய்க்குக் கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதுமென்றிருந்தது. நான் சொன்ன பொய்யை நம்பி, பாவம், மரியாதையான சொல் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்குவோமா என்று பார்த்தேன். அப்போது அவர் என்னைத் தேடிப் பிடித்து, நேராகப் பார்த்து, ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அவருக்குத் தெரியும். தமிழ் வீடுகளுக்குப் போகத் தொடங்கிய முதல் வருடத்திலேயே அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியுமாம். ஒரு வீட்டில் நாலு வயதுப் பிள்ளை உள்ளபடியே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டதாம். என்னிடம் கேட்டது, நான் என்ன சொல்லுவேன் என்று பார்க்கத்தானாம். வசனத்தைத் தன்னுடைய தமிழ் வேலையாள் ஒருவனிடம் ஒரு கிழமையாகப் படித்திருக்கிறார்.

பிறகு ஆங்கிலத்தில் பேசினார். நீங்கள் என் நிறத்தைப் பார்த்து எனக்கு ஒரு பெயர் வைத்தீர்கள், பரவாயில்லை என்றார். வேறு சிலர் என் நிறத்தைப் பார்த்து, நான் எதை நினைக்கவேண்டும் என்று முடிவுசெய்து, அப்படி நினைக்காததால் என் வாசலில் பிஸ்கற் வைக்கிறார்கள். அதில் மூன்றை இங்கே இருக்கிற என் நண்பர் சாப்பிட்டுவிட்டார் என்றார். தோலைப் பார்த்து வாக்குப் போடவும் வேண்டாம், தோலைப் பார்த்து மறுக்கவும் வேண்டாம், நான் சொன்னது பிடிக்காவிட்டால் தாராளமாக மறுத்துவிடுங்கள், அப்படியொரு மறுப்பைத்தான் இவ்வளவு காலமாக ஒருவரிடமும் பெறமுடியவில்லை என்று முடித்தார்.

முதலில் சிரித்தது, ஃபேர்னஸ் ஒன்று எடுத்து வைக்கச் சொன்ன அந்த அன்ரி. பிறகு மண்டபம் முழுக்கக் கை தட்டியது. டாக்குத்தரும் தட்டினார்.

ஒன்பது வாக்கு. டெஸ்மண்டுக்கு ஒன்பது வாக்கு அதிகம் என்று அறிவித்ததும் நான் துள்ளிக் குதித்து, பரவசத்தில் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். இறக்கிவிட்டுப் பார்த்தால் பல் டாக்குத்தர். அடுத்த கிழமை எனக்கு அவரிடம் கடவாய்ப்பல் பிடுங்கத் தவணை இருந்தது. போவதா விடுவதா என்று யோசித்துப் போனேன். மனுஷன் இரண்டு ஊசி போட்டு, நன்றாக மரக்கப்பண்ணித்தான் பிடுங்கினார்.

5

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக முடித்திருப்பேன். ஆனால் பொதுத்தேர்தல் வந்தது. அதற்கு இரண்டு கிழமை முன்னால் ஒரு பின்னேரம், பஸ்ஸை விட்டுவிட்டு வந்தபோது, டெஸ்மண்டின் வாசல் பாதையில் அபிரா நிற்பதைக் கண்டேன். கையில் அவருடைய பிரசுரம். சிவப்புப் பேனையால் அதில் இருந்த வெற்று இடமெல்லாம் எழுதியிருந்தாள். வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது பிழை, பள்ளிக்கூடத்துக்குள் பொலிஸைப் பற்றிச் சொல்வது அதைவிடப் பிழை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். அவரும் விடவில்லை. அவருடைய வேலை வானின் முன்மூடியில் பிரசுரத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை பிடித்தார்கள். வதனி யன்னலால் பார்த்து, போய் விலக்குங்கோ என்றாள். நான் போகவில்லை. என் மகள் இவ்வளவு நேரம் என்னோடும் சண்டை பிடித்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

டெஸ்மண்ட் தோற்றார். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றார். மறுநாள் காலை அபிரா அவர் கதவைத் தட்டி, நான் உங்களுக்கு எதிராகத்தான் போட்டேன், என்னென்ன காரணத்துக்கு என்று உங்களுக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். என்னை மறுத்தவர்களில், நான் சொன்னதை வாசித்து மறுத்த முதல் ஆள் நீதான் என்றாராம். வரும்போது அவள் கையில் ஒரு பெரிய கேக் இருந்தது. அவர்கள் வீட்டில் செய்கிற கறுத்த கேக், றம்மில் ஊறிய பழங்களோடு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடும் சண்டைக்கு வருகிறாள், தமிழும் ஆங்கிலமும் கலந்து. நான் பெரும்பாலும் தோற்கிறேன்.

ஜெயம் அண்ணை ஐந்து மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. மாரி பிறந்து முதல் குளிர் விழுந்த அன்று குறுஞ்செய்தி ஒன்று வந்தது. ஃபேர்னஸ் நிண்டுபோச்சு, டெஸ்மண்டின்ர நம்பரை அனுப்பு. கறுவல் என்றல்ல, பெயரைத்தான் எழுதியிருந்தார். அனுப்பினேன்.

கேக் வந்த அன்றே, அதுவரை நடந்ததையெல்லாம் நோர்வேக்குத் தொலைபேசி அடித்து அண்ணைக்குச் சொன்னேன். மண்டபத்தைச் சொன்னபோது சிரித்தார். ஜெயத்தின் கதையைச் சொன்னபோது, சரி, மேலே சொல்லு என்றார். அபிராவின் கதைக்கு வந்ததும் குறுக்கே கேட்டார்.

"பிள்ளை அவனுக்கு எதிராயோ போட்டது?"

"ஓம்."

"போட்டிட்டு, முகத்துக்கு நேரே போய்ச் சொன்னதோ?"

"ஓம் அண்ணை."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"பிறகு அவன் என்ன செய்தவன்?"

அந்தக் கேள்வியை அவர் மிக மெதுவாகக் கேட்டார். எதிராக நின்றவனுக்கு என்ன நடக்கும் என்ற அந்தக் கேள்வியோடுதான் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் இருக்கிறார்.

"கேக் குடுத்துவிட்டவர்," என்றேன்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"என்ன கேக்?" என்று கேட்டார்.